நாயும் பூனையும் இருக்கிற வீட்டில் பிறந்தநாள் அலங்காரம்: பழைய துணியிலேயே செய்யலாம்

பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே இதைப் படிக்கிறீர்கள் என்றால் நல்லது, எல்லாவற்றையும் நிதானமாகச் செய்யலாம். நாளைக்கே விழா என்றாலும் பரவாயில்லை, துணித் தோரணமும், உள்ளே உணவு வைத்து நாய்க்காகச் சுருட்டும் குளியல் துண்டும் மட்டும் செய்தால் போதும், மற்றதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை, இரண்டு பிள்ளைகள். வருடத்துக்கு நான்கைந்து கொண்டாட்டமாவது வந்துவிடும், நாயை வீட்டுக்குக் கூட்டிவந்த நாளும் அதில் சேர்த்தி. ஆரம்பத்தில் நானும் ரிப்பன், பலூன், ஜிகினாத்தாள் என்று வாங்கிவந்து, "உயரமா கட்டிட்டா எட்டாது" என்று நம்பிக்கொண்டிருந்தேன். பூனைக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. நின்ற இடத்திலிருந்தே ஒன்றரை மீட்டர் எம்பிவிடும், அலமாரி மேல் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் இப்போது என் கணக்கு வேறு. எட்டாத இடம் எது என்று தேடுவதை விட்டுவிட்டு, வாயில் கவ்வினாலும் பெரிய ஆபத்து வராத பொருளாகவே செய்துவிடுகிறேன். என்ன செய்கிறோம், எதில் செய்கிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

முதலில் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய ரிப்பன், ஜிகினாச் சரம், நைலான் நூல், பரிசுப் பொட்டலத்தில் சுற்றி வரும் பளபள நாடா, இவை நான்கும் பூனை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்த முட்கள் எல்லாமே தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. நூல் ஒருமுறை நாக்கில் ஒட்டிவிட்டால் பூனையால் அதைத் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மீதி நூல் குடலுக்குள் இறங்கும்போது குடல் அந்த நூலின் மேலேயே சுருங்கிச் சுருங்கி மடிந்து, கடைசியில் நூல் குடலை அறுத்துவிடும். அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைப்பது கஷ்டம். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பலூன் நாய்க்கு ஆபத்து. வெடித்த ரப்பர்த் துண்டை ஒரே மடக்கில் விழுங்கிவிடும், அது குடலை அடைத்துக்கொள்ளும்.

சரி, செய்வதற்கு வருவோம்.

முக்கோணத் துணித் தோரணம்

இதற்குப் பழைய டீ சர்ட்டுதான் சிறந்த துணி. காரணம் இருக்கிறது. சட்டைத் துணி, புடவைத் துணி எல்லாம் நெய்தவை, வெட்டிய ஓரத்திலிருந்து நூல் நூலாகப் பிரிந்துகொண்டே இருக்கும், அதைத்தான் பூனை இழுத்து விளையாடும். டீ சர்ட்டு துணி பின்னியது, வெட்டினாலும் ஓரம் பிரியாது, லேசாகச் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். ஓரம் தைக்கிற வேலையும் மிச்சம். பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன டீ சர்ட்டுகளையே எடுத்தால் நன்றாக இருக்கும், எங்கள் தோரணத்தில் பெரியவள் நடை பழகிய காலத்துச் சட்டை ஒன்று மஞ்சளாகத் தொங்குகிறது, ஒவ்வொரு வருடமும் அதை யாராவது கண்டுபிடித்துக் காட்டுவார்கள். ஒரு விஷயம், மேலே மின்னும் படமோ ஒட்டுமணியோ இருக்கிற பகுதியை வெட்டி ஒதுக்கிவிடுங்கள்.

அட்டையில் ஒரு முக்கோணம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள், மேற்பக்கம் 18 செ.மீ, உயரம் 20 செ.மீ. துணியை இரண்டாக மடித்து, மடிப்பு விளிம்பில் முக்கோணத்தின் மேற்பக்கம் சரியாகப் படும்படி வைத்துப் பேனாவால் கோடிழுத்து, மற்ற இரண்டு பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். மடிப்பை வெட்டிவிடக் கூடாது, முதல் தடவை எல்லோரும் வெட்டிவிடுவார்கள். விரித்தால் பட்டம் போல ஒரு சாய்சதுரம் கிடைக்கும். அதை நாடாவின் மேல் பாதியாக மடித்துப் போட்டு, நாடாவுக்கு ஒட்டிக் கீழே ஒரே ஒரு தையல் போட்டால் கொடி தயார். இரண்டு பக்கமும் நல்ல பக்கமாகவே தெரியும்.

நாடாவுக்குப் பழைய பருத்தி விரிப்பு போதும். ஓரத்தில் சின்னதாக வெட்டுப் போட்டுக் கையால் இழுத்தால் நேர்க்கோட்டில் சர்ரென்று கிழிந்து வரும். 8 செ.மீ அகலத்தில் கிழித்து, இரண்டு ஓரங்களையும் நடுக்கோடு வரை மடித்து, மறுபடி பாதியாக மடித்து 2 செ.மீ ஆக்கி, இஸ்திரி போட்டுத் தைத்துவிட்டால் ஓரத்து நூல் எல்லாம் உள்ளே மறைந்துவிடும். மூன்று மீட்டர் சுவருக்கு 13 கொடி, கொடிக்குக் கொடி 4 செ.மீ இடைவெளி என்று வைத்தால் கணக்கு சரியாக வரும், நாடா நான்கு மீட்டர் இருந்தால் இரண்டு பக்கமும் கட்ட அரை மீட்டருக்கு மேல் மிஞ்சும். விரிப்பு அவ்வளவு நீளம் இருக்காது என்பதால் இரண்டு துண்டை இணைத்துக்கொள்ளுங்கள், இணைப்பைக் கொடிக்குப் பின்னால் வருமாறு வைத்தால் தெரியாது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான், எங்கேயும் வளையமாகவோ வாலாகவோ தொங்க விடாதீர்கள். மிச்ச நாடாவை ஆணியிலேயே சுற்றி முடிச்சுப் போட்டுவிடுங்கள். தோரணத்துக்கு நேர் கீழே சோபா, நாற்காலி எதுவும் வேண்டாம், ஏறித் தாவுவதற்கு நாமே படிக்கட்டு போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும். துணியையும் கடித்து விழுங்குகிற நாய்கள் உண்டு, உங்கள் வீட்டு நாய் காலுறையை விழுங்குகிற ரகம் என்றால் அது இருக்கும் அறையில் தோரணம் கட்ட வேண்டாம், வேறு சுவர் பாருங்கள்.

ஊசி விஷயத்தில் நான் கறார். தைக்க உட்காரும்போது ஒரு சிறிய டப்பாவில் காந்தம் போட்டு, ஊசி, குண்டூசி எத்தனை என்று எண்ணி மூடியில் எழுதிவிடுவேன். எழுந்திருக்கும்போது அதே எண்ணிக்கை வர வேண்டும், வராவிட்டால் வரும்வரை தேடல்தான். நூல் கோத்த ஊசியைப் பூனை விழுங்குவது அடிக்கடி நடக்கிற விபத்து. நூலைப் பார்த்து வாயில் எடுக்கும், ஊசியும் சேர்ந்து போய்விடும்.

பலூனுக்குப் பதில் காகித உருண்டை

காகிதத்தில் 10 செ.மீ விட்டம் உள்ள வட்டங்கள் எட்டு வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, ஒன்றின் பாதி முதுகை அடுத்ததன் பாதி முதுகோடு ஒட்டிக்கொண்டே போனால் எட்டாவது வந்து முதலோடு சேரும்போது உருண்டையாகிவிடும். ஸ்டேப்ளர் பின் மட்டும் வேண்டாம். பசை கையாலேயே காய்ச்சிக்கொள்ளலாம், ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளையாக இருந்தது கண்ணாடி போல மினுங்கத் தொடங்கும், அப்போது இறக்கிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். மரச்சாமான் ஒட்டுகிற, காயும்போது நுரைத்துப் பெருகுகிற பாலியூரித்தேன் பசையை மட்டும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். நாய் அதை நக்கினால் வயிற்றுக்குள் போயும் அப்படியே பெருகிக் கல் மாதிரி இறுகிவிடும்.

பாதச்சுவடு: உப்பு மாவு வேண்டாம்

பிள்ளையின் கையச்சும் நாயின் பாத அச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும், எல்லோருக்கும் வருகிற ஆசைதான். எங்கு தேடினாலும் இதற்குச் சொல்லப்படுவது உப்பு மாவு, இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர். நானும் அதைத்தான் பிசைந்தேன். நாயின் பாதத்தை அழுத்தி, வட்டமாக வெட்டி, சாப்பாட்டு மேசையில் காய வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூன்று வட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. அரை மணி நேரத்தில் வாந்தி, அப்புறம் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை, காலி செய்து செய்து மறுபடி என் முகத்தைப் பார்த்தது. மருத்துவமனையில் இரவு முழுக்க வைத்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். இரத்தத்தில் உப்பு திடீரென்று ஏறினால் நடுக்கம், வலிப்பு வரை போகும், உயிரையும் எடுக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிழைத்துக்கொண்டது. உப்பு மாவை அன்றோடு விட்டேன். சமையல் சோடாவில் பிசைகிற வெள்ளைக் களிமண்ணும் இதே கதைதான், சோடாவிலும் இருப்பது சோடியம். ஈஸ்ட் போட்ட பச்சை மாவும் ஆகாது, வயிற்றின் சூட்டில் பொங்கி உப்பும், புளிக்கும்போது சாராயமும் உண்டாகும்.

இப்போது நான் செய்கிற முறையில் மாவும் கிடையாது, பாதத்தில் மையும் படாது. கெட்டியான தாள் ஒன்றை எடுத்து, அதன் மேல் தண்ணீரில் கரையும், பிள்ளைகளுக்கான நச்சில்லாத வண்ணத்தை மூன்று நான்கு இடத்தில் பொட்டு பொட்டாக வையுங்கள். தாளை அப்படியே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் தள்ளி, காற்றை வெளியேற்றி மூடி, நான்கு ஓரத்தையும் தரையில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். பையின் வெளிப்பக்கத்தில் கொஞ்சம் பீனட் பட்டர் தடவி நாயைக் கூப்பிட்டால், அது நக்க நக்க நாக்கும் மூக்கும் பட்டு உள்ளே வண்ணம் தானாகப் பரவும், ஒரு காலை ஊன்றிக்கொண்டு நக்கினால் அந்த அழுத்தமும் பதியும். வாங்கும் பீனட் பட்டரில் சைலிடால் இருக்கிறதா என்று பின்பக்க எழுத்தைப் படித்துப் பார்ப்பது கட்டாயம். அந்த இனிப்பு நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். எங்கள் நாய்க்கு ஒரு படம் முடிக்க ஆறேழு நிமிடம் ஆகும். நக்கும்போது முன்னங்கால் இரண்டையும் பைக்கு இரண்டு பக்கமும் அகட்டி வைத்துக்கொண்டு, வால் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் அதன் எதிரில் குப்புறப் படுத்துக்கொண்டு எந்த நிறம் எங்கே போகிறது என்று சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் பையை உடனே எடுத்துவிடுங்கள், ருசி ஒட்டியிருப்பதால் பையையும் சேர்த்துத் தின்னப் பார்க்கும். தாளைக் காய வைத்து, அதன் மேல் பிள்ளையின் கையை வரைந்து ஒட்டினால் அழைப்பிதழ், வாழ்த்து அட்டை எதற்கும் பயன்படுத்தலாம்.

தெளிவான பாதச்சுவடுதான் வேண்டும் என்றால், அதே வண்ணத்தை ஈரப் பஞ்சில் தோய்த்து ஒரே ஒரு பாதத்தில் ஒற்றி, தாளை ஒரு புத்தகத்தின் மேல் வைத்துப் பாதத்தின் அடியில் கொண்டுபோய் அழுத்துங்கள். பாதத்தைத் தாளுக்குக் கொண்டுவந்தால் வழுக்கிக் குழம்பிவிடும். பக்கத்திலேயே ஈரத்துணி இருக்க வேண்டும், நக்கத் தொடங்குவதற்குள் விரலிடுக்கு வரை துடைத்துவிடுங்கள். பூனையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், காதைப் பின்னுக்குச் சாய்த்து உடம்பை இறுக்கினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

நாய்க்கும் பூனைக்கும் ஒரு வேலை

கேக் வெட்டுகிற பத்து நிமிடம்தான் எல்லா வீட்டிலும் சிக்கலான நேரம். எல்லோரும் ஒரே இடத்தில் கூடி, கைதட்டிப் பாடி, கீழே துணுக்குகள் விழுந்து, நாய் உள்ளே புகுந்து. அந்த நேரத்துக்கென்றே நாய்க்கு ஒரு வேலை தயார் செய்து வையுங்கள். பழைய குளியல் துண்டு ஒன்றை விரித்து, அதன் வழக்கமான உணவையே ஒரு பிடி தூவி, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, நடுவில் ஒரு முடிச்சுப் போடுங்கள். மோப்பம் பிடித்து, மூக்கால் தள்ளி, காலால் பிரித்து அது எல்லாவற்றையும் எடுத்து முடிக்கக் கால் மணி நேரமாவது போகும். திடீரென்று அன்றைக்குக் கொடுத்தால் முழித்துக்கொண்டு நிற்கும், அதனால் நான்கைந்து நாள் முன்னாலிருந்தே பழக்குங்கள், முதல் நாள் சுருட்டாமல் சும்மா மடித்து, அப்புறம் தளர்வாகச் சுருட்டி, கடைசியில் முடிச்சு.

பூனைக்கு அட்டைப் பெட்டி. டேப், பின் எல்லாம் உரித்துவிட்டு, பக்கங்களில் 5 செ.மீ வட்டத் துளைகள் ஏழெட்டு வெட்டி, உள்ளே கசக்கிய காகித உருண்டையும் கொஞ்சம் உணவும் போட்டால் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருக்கும். தோரணம் வெட்டி மிஞ்சிய டீ சர்ட்டுத் துணியில் நாய்க்கு இழுவைக் கயிறும் பின்னலாம், 5 செ.மீ அகலம், 60 செ.மீ நீளத்தில் ஆறு பட்டை, இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று புரியாக இறுக்கிச் சடை பின்னி, இரண்டு முனையிலும் கெட்டி முடிச்சு. பட்டை பிய்யத் தொடங்கிய அன்றே தூக்கிப் போடுங்கள்.

நாய்க்கு விழா உடை என்று எதையும் மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை, கழுத்துத் துணி ஒன்று போதும். முக்கோணத் துணியின் மேற்பக்கத்தை மடித்துத் தைத்துக் குழல் போலாக்கி, அதற்குள் அதன் கழுத்துப்பட்டையை நுழைத்துவிட்டால் முடிச்சுப் போடவே வேண்டாம், இறுக்கவும் செய்யாது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். பூனைக்கு என்றால், இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் பட்டையில் மட்டும், அதுவும் ஒரு புகைப்படம் எடுக்கிற நேரத்துக்கு.

அன்றைய தினம்

ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு அறையை இரண்டு நாள் முன்பே ஒதுக்குங்கள், படுக்கை, தண்ணீர், பூனைக்கு மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. நமக்குக் கேட்கும் ஒலி 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது, நாய்க்குச் சுமார் 45,000, பூனைக்கு 60,000-க்கும் மேல். நமக்குக் கேட்காத கீச்சொலிகூட அவற்றுக்குக் கேட்கும் என்றால், ஒலிபெருக்கி போட்ட கூடத்தில் அவை எப்படி இருக்க முடியும், நீங்களே யோசித்துப் பாருங்கள். வெடித்துக் காகிதத் தூள் கொட்டுகிற குழாயை நாங்கள் அறவே நிறுத்திவிட்டோம், பிள்ளைகளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அந்த அறைக் கதவில் மாட்டுவதற்குப் பிள்ளைகளையே ஒரு அட்டை செய்யச் சொல்லுங்கள். 10 செ.மீ அகலம், 25 செ.மீ உயரம், மேலே கைப்பிடி நுழைய ஒரு துளை. "உள்ளே பூனை தூங்குகிறது, கதவைத் திறக்காதீங்க" என்று எங்கள் சின்னவன் எழுதியது மூன்று வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. பெரியவர்கள் சொன்னால் கேட்காத விருந்தாளியும் பிள்ளையின் கையெழுத்துக்குக் கட்டுப்படுகிறார்கள்.

வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், எங்கள் அனுமதி இல்லாமல் எதையும் ஊட்ட வேண்டாம் என்று. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்காடமியாக் கொட்டை, சர்க்கரை இல்லாத மிட்டாய் எதுவும் கூடாது. பூங்கொத்து வந்தால் அதில் லில்லி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பூனை இருக்கும் வீட்டுக்குள் வரவே வேண்டாம், இதழோ இலையோ கொஞ்சம் தின்றாலும், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் சிறுநீரகம் செயலிழக்கும். மெழுகுவர்த்தி நாய் வாலின் உயரத்தில் இருக்கக் கூடாது.

விழாவே நாய்க்கோ பூனைக்கோதான் என்றால், தனியாகக் கேக் சுட வேண்டிய அவசியம் இல்லை. வழக்கமான ஈர உணவை ஒரு கிண்ணத்தில் அழுத்தி, தட்டில் கவிழ்த்து, மேலே வேகவைத்த கேரட் ஒரு துண்டு வைத்தால் அதுவே கேக். வயிற்றுக்கும் பழகியது.

எல்லோரும் போன பிறகு பெருக்குவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துப் பாருங்கள். வெளிச்சத்தைத் தரையோடு படுக்கையாக அடித்தால் நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாத நாடாத் துண்டு, மெழுகுவர்த்தித் திரி, பரிசுப் பெட்டியின் கம்பி எல்லாம் நீள நிழலோடு தெரியும். பரிசு பிரித்த குப்பையை அன்றிரவே மூடியுள்ள தொட்டியில் போட்டுவிடுங்கள். தோரணத்தைக் கழற்றித் துவைத்து, நன்றாக உலர்த்தி, ஒரு அட்டையில் சுற்றி அலமாரியில் மூடி வைத்தால் அடுத்த பிறந்தநாளுக்குச் சிக்கெடுக்கிற வேலை இல்லை. ஊசி டப்பாவை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் அந்த அறைக் கதவைத் திறந்துவிடுங்கள்.